தட்டை லென்ஸும் கடைமடையும்

ஓய்வு பெற்றவர்களிடம் கட்டுரை கேட்பதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். வேலையில் இருந்த காலத்தில் கூட்டங்களில் பேச வாய்ப்பே கிடைக்காத ஆளிடம் கேட்பதென்றால் கூடுதல் துணிச்சல் வேண்டும். என் பழைய பிரிவில் இப்போது வேலை பார்க்கும் பெண் ஒருத்தி போன மாதம் ஃபோன் செய்தாள். "மேடம், இனிமே ஃபோன் கேமராவுல எல்லாம் தட்டை லென்ஸ்தான் வரப்போவுதாம். நம்ம கம்பெனியில அத மொதல்ல டெஸ்ட் பண்ணது நீங்கதானாமே? அந்த அனுபவத்த எழுதிக் குடுங்களேன், ஆண்டு மலர்ல போடுறோம்" என்றாள். எவ்வளவு எழுத வேண்டும் என்று கேட்டேன். சுருக்கமாகப் போதும் என்றாள். எதையும் ஓரம் வரை பார்க்காமல் கீழே வைத்துப் பழக்கமில்லாதவளிடம் சுருக்கத்தை எதிர்பார்த்தது அவள் தவறு.

நான் எஸ்தர். தஞ்சாவூருக்கு வெளியே புறவழிச் சாலையை ஒட்டி இருக்கும் ஒரு லென்ஸ் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். கண்காணிப்புக் கேமரா, கல்யாண மண்டபக் கேமரா, பின்னால் வந்த ட்ரோன் கேமரா என்று எதற்கு லென்ஸ் போனாலும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். பாலிடெக்னிக் முடித்து அங்கே சேர்ந்தபோது எங்கள் சபைப் போதகர், "அது கண்ணாடிக் கடைதானம்மா?" என்று கேட்டார். நான் ஓய்வு பெறும் வரை சபையில் பாதிப் பேர் என்னிடம் மூக்குக் கண்ணாடி விலை விசாரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லென்ஸைத் துடைக்கச் சொன்னார்கள், துடைத்தேன். விரல் ரேகை படாமல் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். அப்புறம் ஒருநாள் பார்க்கச் சொன்னார்கள்.

பார்க்கச் சொன்னவர் வரதராஜன் சார். சோதனைப் பிரிவின் தலைவர். கீழ்வேளூர் பக்கத்துக் கடைமடைக் கிராமத்துக்காரர். காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்துவிட்டு, மிச்சமிருந்தால், கடைசியாகப் போய்ச் சேரும் ஊர் அது. மிச்சம் இல்லாத வருடங்களை நிறையப் பார்த்து வளர்ந்தவர் என்பதால் நடுவில் இருக்கும் எதன் மீதும் மனிதருக்கு நம்பிக்கை கிடையாது. கூட்டம் நடந்தால் கதவோர நாற்காலியில்தான் உட்காருவார். கல்யாணத்துக்குப் போனால் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவார். கடைசிப் பந்திக்குப் பாயசம் வந்ததா என்பதை வைத்துத்தான் அந்த வீட்டாரைப் பற்றி அபிப்பிராயம் சொல்வார்.

லென்ஸிலும் அதே கதைதான். சுவரில் கோடுகளும் கட்டங்களும் வரைந்த பெரிய அட்டையை மாட்டி, எதிரே தாங்கியில் லென்ஸைப் பொருத்தினால், அட்டையின் பிம்பம் திரையில் விழும். எல்லோருடைய கண்ணும் முதலில் நடுவுக்குத்தான் போகும். அதைத் தடுக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். மேசை இழுப்பறையிலிருந்து வட்டமாக வெட்டிய தடித்த அட்டை ஒன்றை எடுப்பார். திரையின் நடுவில் அதை ஒட்டி மறைத்துவிடுவார். மீதி நாலு மூலைகள்தான் தெரியும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூலை மூலையாகக் குனிந்து பார்ப்பார். கோடு இரண்டாகப் பிரிகிறதா, வெள்ளைக் கோட்டின் ஒரு பக்கம் ஊதாவும் மறுபக்கம் பச்சையும் கசிகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரே கேள்வி கேட்பார்.

"கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா எஸ்தர்?"

வந்தது என்றால் அட்டையை எடுப்பார். வரவில்லை என்றால் நடுவைப் பார்க்கவே மாட்டார். "நடுவுல எல்லா லென்ஸும் நல்லாத்தாங்க இருக்கும். அதுக்கு நாம எதுக்கு, சம்பளம் எதுக்கு?" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்லும் குரலில் சொல்வார். ஆனால் அந்த லென்ஸைச் செய்தவர்கள் அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிட மாட்டார்கள்.

அவர் அறியாமல் ஒரே ஒருமுறை ஒரு லென்ஸ் வெளியே போனது. அவர் அம்மை போட்டு விடுப்பில் இருந்த சமயம். விற்பனைப் பிரிவின் அவசரத்தில் ஒரு அகலக் கோண லென்ஸ் கும்பகோணத்துக் கல்யாண மண்டபப் புகைப்படக்காரர் கைக்குப் போய்விட்டது. நம் பக்கத்துக் கல்யாணப் படத்தில் யார் எங்கே நிற்பது என்பது எழுதாத சட்டம். மணமக்கள் நடுவில், சம்பந்திகள் பக்கத்தில், அப்புறம் வசதி குறையக் குறைய ஓரம். அந்த லென்ஸ் ஓரத்தில் நின்றவர்களை எல்லாம் அகலமாக்கி, முகத்தைச் சுற்றி ஊதா நிறத்தில் கோடு இழுத்துவிட்டது. ஏற்கனவே ஓரத்தில் நிறுத்தியதற்காகப் பொருமிக்கொண்டிருந்த சித்தப்பா குடும்பம், படம் வந்த அன்றைக்குப் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டது. புகைப்படக்காரர் அந்த ஆல்பத்தை எங்கள் அலுவலகத்திலேயே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். வரதராஜன் சார் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், ஓரங்களை மட்டும். "அவங்களும் மொய் எழுதிட்டுத்தான வந்து நின்னாங்க" என்றார்.

இப்படிப்பட்டவரிடம்தான் தட்டை லென்ஸ் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் டாக்டர் கார்த்திகேயன். வெளிநாட்டில் ஆராய்ச்சி முடித்துவிட்டு நேராக எங்கள் கம்பெனியில் வடிவமைப்பாளராகச் சேர்ந்தவர். நல்ல பிள்ளை, கெட்டிக்காரர். லென்ஸ் என்றால் வளைந்த கண்ணாடி என்றுதான் அதுவரை எங்களுக்குத் தெரியும். அவர் காட்டியது மெல்லிய கண்ணாடித் தகடு. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூண்கள், வரிசை நடவு போட்ட வயல் மாதிரி நின்றன. ஒவ்வொரு தூணும் தன் வழியாக வரும் வெளிச்சத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். எந்த இடத்தில் எவ்வளவு தாமதம் என்று கணக்குப் பார்த்து நட்டுவிட்டால், வளைவே இல்லாமல் வெளிச்சம் குவியும். பார்க்க எனக்குப் பிரமிப்பாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

நிர்வாக இயக்குநர் அதை விரல் நுனியில் வைத்துக்கொண்டு கம்பெனி முழுக்கச் சுற்றி வந்தார். தலைமுடியை விட மெல்லிய லென்ஸ் என்று விளம்பரத் தாள் அச்சாகிவிட்டது. சோதனை அதற்குப் பின்புதான். இந்த வரிசை எங்கள் கம்பெனிக்குப் புதிதில்லை.

அகலக் கோணத்தில் படம் வரவேண்டும் என்றால், சாய்ந்து வரும் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த லென்ஸுக்கு முன்னால் கொஞ்சம் தூரத்தில் ஒரு துளைத் தடுப்பு வைக்க வேண்டியிருந்தது. அந்தத் தூரம் வெறும் காற்று. காற்றைச் சும்மா விட முடியாது, சுற்றிப் பெட்டி கட்ட வேண்டும். கட்டி முடித்தபோது, தலைமுடியை விட மெல்லிய லென்ஸ் எங்கள் பழைய கேமரா அளவுள்ள பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. விளம்பரத் தாளை யாரும் திருத்தவில்லை. லென்ஸ் மெல்லியதுதானே, பொய் ஒன்றும் இல்லை.

அடுத்தது நிறம். சோதனை அறையில் வழக்கமான வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு, கார்த்திகேயன் மூன்று விளக்குகளை வைத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று நீலம். மூன்றும் சேர்ந்தால் கண்ணுக்கு வெள்ளைதான். அந்த வெளிச்சத்தில் அட்டை அற்புதமாகத் தெரிந்தது. வரதராஜன் சார் வட்ட அட்டையை ஒட்டி மூலைகளைப் பார்த்தார். குறை சொல்ல ஏதும் இல்லை. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

"ஏன் சார் இந்த மூணு வெளக்கு?" என்று கேட்டேன்.

"லென்ஸ டிசைன் பண்ணதே இந்த மூணு நிறத்துக்குத்தான் மேடம்" என்றார் கார்த்திகேயன், ஒளிவு மறைவு இல்லாமல்.

மாணவன் எந்த மூன்று பாடத்தைப் படித்துவிட்டு வந்தானோ அதே மூன்றில் மட்டும் கேள்வித்தாள் தயாரித்திருந்தோம். நூற்றுக்கு நூறு வாங்கியதில் ஆச்சரியம் இல்லை. இதை நான் சொன்னபோது நிர்வாக இயக்குநர், வயலில் வைத்துப் பார்த்துவிடுவோம் என்றார். வயலில் வைப்பதற்கான ஒப்பந்தம் அதற்கு முன்பே கையெழுத்தாகி இருந்தது.

கீழ்வேளூர் பக்கம் சில விவசாயிகளின் நிலத்துக்கு நடுவே, மோட்டார் கொட்டகையை ஒட்டிக் கம்பம் நட்டு, தட்டை லென்ஸ் கேமராவைப் பொருத்தினார்கள். அகலக் கோணம் என்பதால் சுற்றியுள்ள வயல்கள் எல்லாம் ஒரே படத்தில் விழும். தினமும் காலையில் ஒரு படம் எடுத்து, செல்பேசிச் செயலி ஒவ்வொரு வயலின் இலை நிறத்தையும் பார்த்து, வெளிறியிருந்தால் மேலுரம் இடச் சொல்லும். நெல்லுக்குத் தழைச்சத்து குறைந்தால் இலை பச்சையிலிருந்து மஞ்சள் பக்கம் நகரும். அந்த நகர்வைப் பிடிப்பதுதான் கேமராவின் ஒரே வேலை.

அந்த விவசாயிகளில் ஒருவர் கலியபெருமாள். அவர் வயல் கம்பத்தின் அடியிலேயே இருந்தது. கேமராவுக்கு அவ்வளவு பக்கத்தில் வேறு யாரும் இல்லை. பக்கத்தில் இருந்த காரணத்தாலேயே படத்தின் கீழ் மூலையில் ஒதுங்கிவிட்டார்.

சம்பாப் பயிர் தூர் கட்டும் நேரத்தில், அவர் வயல் மட்டும் மஞ்சள் என்று செயலி சொன்னது. யூரியா போட்டார். மறு வாரமும் மஞ்சள். மறுபடி போட்டார். மறுபடியும் மஞ்சள். இந்த விவரம் எங்களுக்கு வந்ததும் நான் எங்களிடம் இருந்த இன்னொரு தட்டை லென்ஸ் கேமராவை எடுத்துக்கொண்டு எங்கள் மொட்டை மாடிக்குப் போனேன். பக்கத்து வயலில் கேட்டு வாங்கிய பயிரை வாளியோடு வெயிலில் வைத்து, முதலில் நடுவிலும் அப்புறம் மூலையிலும் படம் எடுத்தேன். நடுவில் பச்சை. மூலையில் அதே பயிர், அதே வாளி, மஞ்சள்.

கார்த்திகேயன் பார்த்துவிட்டு உடனே ஒப்புக்கொண்டார். சூரிய வெளிச்சம் மூன்று விளக்கு இல்லை. பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே அதில் எத்தனையோ நிறம் இருக்கிறது. நெல்லின் பசி தெரிவது அந்த இடைவெளியில்தான், எங்கள் லென்ஸ் படிக்காமல் விட்ட பாடமும் அதுதான். அந்த நிறங்கள் மூலைக்குப் போகும்போது சிதறி, வரப்பின் மண் நிறமும் வானத்தின் வெளுப்பும் இலை மேல் கசிந்துவிடுகின்றன. "தயாரிப்புல கோளாறு இல்ல மேடம். அந்தத் தூணுங்களோட உயரத்துக்கு அவ்ளோதான் தாமதம் குடுக்க முடியும். லென்ஸும் பெருசா இருக்கணும், கோணமும் அகலமா இருக்கணும், எல்லா நிறமும் வேணும்னா முடியாது. ஏதாவது ஒண்ண விட்டுத்தான் ஆகணும்" என்றார்.

"விட்டது எத சார்?" என்றேன்.

"கலியபெருமாள" என்றார் வரதராஜன் சார், அட்டையை இழுப்பறையில் வைத்தபடி.

நான் கலியபெருமாளுக்கு ஃபோன் செய்தேன். "ஐயா, இனிமே யூரியா போடாதீங்க" என்றேன்.

"எப்புடி மேடம் போடாம இருக்கறது? மூட்டை வாங்கியாச்சு. உங்க கேமராதான் போடச் சொல்லுது, நீங்க வேண்டாங்கறீங்க. நீங்களும் கேமராவும் ஒரே கம்பெனிதான? உங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

"உங்க கண்ணுக்குப் பயிரு எப்படி இருக்கு?"

"கருகருன்னுதான் இருக்கு. ஆனா எனக்குக் கண்ணுல புரை விழுந்திருக்குன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. சிங்கப்பூர்ல இருந்து பையன் தெனம் ஆப்ப பாக்கறான். மனுசன் கண்ணு ஏமாத்தும்ப்பா, கேமரா ஏமாத்தாதுங்கறான்."

கருகருவென்று இருக்கும் பயிருக்கு மேலும் யூரியா போட்டால் பயிர் கொழுத்து, தண்டு மெலிந்து நிற்கும். மழை நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் அடைமழையில் மொத்தமும் தண்ணீரில் சாய்ந்துவிடும். அவருக்கு அந்த ஒரு வயல்தான்.

மறுநாள் வரதராஜன் சாரும் கார்த்திகேயனும் நானும் கீழ்வேளூருக்குப் போனோம். வரப்பில் யூரியா மூட்டை பிரிக்காமல் இருந்தது. சாயங்காலம் போடுவதாகத் திட்டம். கலியபெருமாள் கட்டம் போட்ட கைலியும் தலையில் வெள்ளைத் துண்டுமாக எங்களை வரவேற்று, மகன் சுரேஷை ஃபோனில் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டார். சுரேஷ் அங்கே தன் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டான்.

வரதராஜன் சார் கேமராவைத் திருப்பச் சொன்னார். கார்த்திகேயன் மடிக்கணினியில் தட்டினார். கம்பத்தின் மேல் கேமரா முனகிக்கொண்டு திரும்பிக் கீழே குனிந்தது. கலியபெருமாளின் வயல் மூலையை விட்டுப் படத்தின் நடுவுக்கு வந்தது. செயலி அதைப் பச்சை என்று காட்டியது. இதைவிடத் தெளிவாக ஒரு நிரூபணம் இருக்க முடியாது என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"பாத்தீங்களாப்பா?" என்றான் சுரேஷ். "போன வாரம் போட்ட யூரியா இப்பதான் வேலை செய்யுது. இந்த மூட்டையும் போட்டா ஜம்முனு வந்துரும்."

கலியபெருமாள் எங்களைப் பெருமையோடு பார்த்தார்.

கார்த்திகேயன் ஃபோனை வாங்கி, தாமதம், தூண், சாய்வெளிச்சம் என்று விளக்க ஆரம்பித்தார். "சார், நானும் இன்ஜினியர்தான்" என்று சுரேஷ் முடித்துவைத்தான். கேமராவைத் தயாரித்தவர்களே கேமராவைப் பற்றிக் குறை சொல்வதில் ஏதோ உள்நோக்கம் இருப்பதாக அவனுக்குப் பட்டது. அவனைத் தப்பு சொல்ல மாட்டேன். எங்கள் விளம்பரத் தாளை நம்பியவன் அவன் ஒருவன்தான்.

வரதராஜன் சார் கேமராவைப் பழையபடி திருப்பி, நேரடிப் படத்தைப் போடச் சொன்னார். பிறகு, "ஐயா, நீங்க அந்தப் பக்கத்து வரப்புல கொஞ்சம் போய் நில்லுங்க" என்றார். தள்ளி இருந்த அந்த வரப்பு, படத்தின் நடுவில் வரும் இடம். கலியபெருமாள் நடந்து போய் நின்றார்.

"தம்பி, அப்பா தெரியறாங்களா?"

"தெரியறாங்க சார். தலையில துண்டு கட்டிருக்காங்க. நல்லா எளச்சுட்டாங்க."

"இப்ப உங்க வயலுக்கு வரச் சொல்றேன். பாத்துக்கிட்டே இருங்க."

கலியபெருமாள் வரப்பில் நடந்து வந்தார். வயலில் இறங்கி, கம்பத்தின் அடியில், எங்களுக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றார். அவர் கன்னத்து நரை முடி கூட எனக்குத் தெரிந்தது.

"இப்ப தெரியறாங்களா?"

"இல்லையே சார், இன்னும் வரலையே."

"மூலையில பாருங்க."

"மூலையில அந்தப் பொம்மைதான் சார் இருக்கு."

"எந்தப் பொம்மை?"

"காக்கா வெரட்ட வச்சிருக்கற பொம்மை. வெளுத்துப் போயி, ஓரமெல்லாம் ஊதாவா. தெனம் காலைல படத்துல வருமே. எடத்த மாத்தி மாத்தி வச்சிருப்பாங்க."

கலியபெருமாள் அண்ணாந்து கேமராவைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை மெதுவாக அவிழ்த்தார். கையை உயர்த்தி அதை ஒருமுறை ஆட்டினார்.

துண்டை ஆட்டிய பொம்மையை அவனும் பார்த்திருப்பான்.

"பொம்மை எங்கடா வச்சேன்?" என்றார் கலியபெருமாள். கோபம் இல்லை, விசாரிக்கும் குரல்தான். "தெனம் காலைல நீ பாப்பேன்னுதான் இங்க வந்து நின்னேன்."

கார்த்திகேயன் மடிக்கணினியை மூடினார். ஃபோனில் சுரேஷின் குரல் வந்தது. "யூரியா வேணாம்ப்பா. நீங்க மேல ஏறி வாங்க" என்றான்.

அறிக்கையை நான்தான் எழுதினேன். ஒரே நிறத்துக்கும் குறுகிய கோணத்துக்கும் இந்த லென்ஸ் மிகச் சிறப்பானது என்று மனமாரப் பாராட்டி எழுதினேன். கார்த்திகேயன் பின்னால் அதை அந்த மாதிரி வேலைகளுக்கே கொண்டுபோய் நல்ல பெயர் வாங்கினார். அகலக் கோணமும் முழு நிறமும் என்ற இடத்தில் வரதராஜன் சார் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: கடைமடைக்கு வரவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று நிர்வாக இயக்குநர் கேட்டார். "கீழ்வேளூருக்கு வாங்க, காட்டுறேன்" என்றார் சார். இயக்குநர் வரவில்லை. கேமராவைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

மழை பலமாகவே பெய்தது. ஓரத்தில் கொஞ்சம் சாய்ந்ததைத் தவிர பயிர் தாக்குப்பிடித்து நின்றது. அறுவடை முடிந்து கலியபெருமாள் ஃபோன் செய்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குறை சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்.

"கேமராவக் கொண்டுபோனாலும் போனீங்க மேடம், பையன் தெனம் காலைல வீடியோ கால்ல வந்துர்றான். அப்படித் திரும்புங்கப்பா, வெளிச்சத்துல நில்லுங்கப்பா, மொகத்தக் காட்டுங்கப்பான்னு உசுர எடுக்கறான். கண்ணு ஆப்பரேஷனுக்கும் நாள் குறிச்சுட்டான். நெல்லு எப்படி விளைஞ்சுதுன்னு மட்டும் ஒருநாளும் கேக்கல."